தகட்டைத் தாண்டும் கால்

என் வீட்டுக்காரரின் இடது கால் அவருடையது இல்லை என்ற சந்தேகம், அவர் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் காலையில் எனக்கு வந்தது. முற்றத்தில் பல் விளக்கிவிட்டு வீட்டுக்குள் வந்தார். வாசலில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்துப் போட்டிருந்தேன். காலைத் துடைத்துவிட்டு வர வேண்டியதுதானே? அதுதான் இல்லை. இடது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினார். இடுப்பை லேசாகத் திருப்பினார். சாக்கு நுனியில்கூடப் படாமல் ஒரே எட்டில் தாண்டி உள்ளே வந்து நின்றார்.

"என்னங்க இது, வாய்க்காலத் தாண்டுற மாதிரி வர்றீங்க?"

"எது?" என்றார்.

அவருக்கே தெரியவில்லை. அல்லது தெரியாத மாதிரி நின்றார். இரண்டில் எது என்று அன்றைக்கே துருவிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டேன். அது என் குணமே இல்லை. சந்தேகம் என் கூடப் பிறந்தது. காய்கறிக்காரர் தராசைப் பிடித்தால் எல்லோரும் முள்ளைப் பார்ப்பார்கள், நான் அவருடைய சுண்டு விரலைப் பார்ப்பேன். காளிராஜ் என்னைக் கட்டிய புதிதிலேயே, "சீனியம்மாவ போலீசுல சேத்துவிட்டா ஒரு திருடன் மிஞ்சமாட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மனிதர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், அவர் வேலை பார்த்த வெடி ஆபீசில், அதான் பட்டாசுத் தொழிற்சாலையில், பதினோராம் நம்பர் ரூம் வெடித்தது. மூன்று பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். இரண்டு பேர் பக்கத்து ஊர்ப் பையன்கள். மூன்றாவது எங்கள் ஊர் பேச்சித்தாய், குருசாமியின் சம்சாரம். என் வீட்டுக்காரரை வெடி கதவோடு சேர்த்து வெளியே தூக்கி எறிந்ததால் உயிர் மிஞ்சியது. முதுகெலும்பு ஒடிந்தது. தலையில் அடி. அந்த வாரமே அவர் ஞாபகத்தில் இல்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு கட்டைகளை வைத்தது மாதிரி கிடந்தார். மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருபது மாதம் இருந்தோம். இப்போது நடக்கிறார், கம்பு கூட இல்லாமல்.

எப்படி நடக்கிறார் என்று நான் கேட்காமல் இருப்பேனா? அங்கே ஜெபசெல்வி என்று ஒரு பிசியோதெரபிப் பெண், நாகர்கோவில்காரி. அவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"அண்ணனோட மூளை 'நட'ன்னு சொல்லுது அக்கா. ஒடிஞ்ச இடத்தோட அந்தச் சொல்லு நின்னு போவுது. நாங்க முதுகுல வைக்கிற சிப்பு அத இங்க வாங்கி அங்க குடுக்கும். ஆனா வெறும் 'நட' போதாதுல்லா? முட்டி எப்ப மடங்கணும், குதிகால் எப்ப ஊனணும், அந்தப் பாடம் வேணும்."

"அந்தப் பாடத்தை யாரு சொல்லிக் குடுப்பா?"

"பெரும்பாலும் நல்லா நடக்கிற ஒருத்தர்கிட்ட இருந்து பதிஞ்சு எடுப்போம். பேரு சொல்ல மாட்டோம். அண்ணனுக்கு எதுன்னு டெஸ்ட் முடிஞ்சாத்தான் தெரியும்."

அதற்குள் யாரோ கூப்பிட அவள் ஓடிவிட்டாள். நான் அதோடு முடிவு கட்டிக்கொண்டேன். முடிவு கட்டாமல் என்ன செய்ய? பக்கத்துக் கட்டிலில் இருந்த தேனிக்காரர் ஒரு கூட்டுறவு வங்கி குமாஸ்தா, சாது மனிதர். அவருக்கு ஒரு கபடிக்காரன் நடையைக் கொடுத்திருந்தார்கள். வராண்டாவில் யாராவது எதிரே வந்தால் போதும், மனிதர் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்துத் தொடையைத் தட்டப் போகிற மாதிரி நிற்பார். அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கும். ஆக, என் வீட்டுக்காரர் காலுக்குள்ளும் யாரோ ஒருத்தன் நடந்துகொண்டிருக்கிறான். யார் அவன்?

ஊருக்கு அனுப்பும்போது ஒரு அட்டை கொடுத்தார்கள். 'ஊர் சேரும் அட்டை' என்று பெயர். அதில் ஐந்து கட்டம். டீக்கடை, ரேஷன் கடை, பஸ், கோயில், கடைசியாக வேலை பார்த்த இடம். ஒவ்வொரு இடத்துக்கும் அவர் தன் காலாலேயே போய்வர வேண்டும், அந்த இடத்து ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உடம்பு குணமானால் பாதிதான் குணம், ஊர் சேர்த்துக்கொண்டால்தான் முழுக் குணம் என்று ஜெபசெல்வி சொன்னாள். பாதத்தில் உணர்ச்சி கிடையாது, அதனால் வாசலில் ஈரச் சாக்கு போட்டுத் துடைத்துக் காயம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள் என்றும் சொன்னாள். அப்படித்தான் அந்தச் சாக்கு எங்கள் வாசலுக்கு வந்தது.

ஊர் சேர்த்துக்கொண்டதா என்றால், தூக்கி வைத்துக் கொண்டாடியது. டீக்கடைக்குப் போன அன்று எமனிடம் மல்லுக்கட்டி வந்தவனைப் பார்க்கிற மாதிரி ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடையும் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துக் குருசாமி வந்தான். பெஞ்சில் இருந்த நாலு பேர் எழுந்து தள்ளிப் போனார்கள். அவன் அதற்குப் பழகியவன் போல வெளியே நின்றபடியே டம்ளரை வாங்கிக் குடித்தான். "நல்லா இருக்கியா காளி?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

"மூணு குடும்பத்த அழிச்சவளோட புருசன். ஊருக்குள்ள தலை நிமிந்து வர்றான் பாரு" என்று யாரோ முனங்கியது எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரருக்கும் கேட்டது. நான் வடையைப் பிட்டு அவர் கையில் கொடுத்து, "சாப்பிடுங்க, ஆறிப்போகும்" என்றேன்.

பழி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வெடிமருந்து ரூமுக்கு வெளியே, வாசலை ஒட்டித் தரையில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் வெறுங்காலோடு அதில் இரண்டு பாதத்தையும் ஊன்றி நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். நடக்கிற உடம்பில் சேருகிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். மிதிக்காமல் போனால் விரல் நுனியில் கிளம்பும் ஒரு சின்னப் பொறி போதும். அன்றைக்குப் பன்னிரண்டாம் ரூம்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். காளிராஜும் பேச்சித்தாயும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள், அடுத்த நொடி வெடித்தது. தகட்டை மிதிக்காதது இரண்டு பேரில் ஒருவர். ஒருத்தி செத்துப்போனாள். ஒருவருக்கு ஞாபகம் இல்லை. விசாரணை அறிக்கை பேச்சித்தாய் பேரை எழுதியது. அந்தப் பையன்களின் வீட்டார் வந்து குருசாமி வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவன் மகள் ஜோதிலட்சுமி பள்ளிக்கூடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நான் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. பஸ் ஏறப் போனால்கூடக் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றித்தான் போவேன்.

ரேஷன் கடை வாசலில் சாக்கடைக்கு ஒரு இரும்பு மூடி போட்டிருக்கிறார்கள். அன்றைக்கும் அதே கால், அதே தூக்கல், அதே திருப்பல், ஒரே எட்டு. கோயில் வாசலில் கோலத்தைத் தாண்டினார். "பாரு, எம்புட்டு மரியாதை!" என்று பூசாரி மெச்சினார். மறுநாள் வீட்டுச் சாக்கைப் பாதியாக மடித்துப் போட்டேன். ஒரு சாண் அகலம்தான் இருந்தது. அதற்கும் அதே எட்டு. மூன்றடிக்கு நாலு விரல் குறைவு. நூல் பிடித்து அளந்துவிட்டேன். சாக்கையே எடுத்துவிட்டுப் பார்த்தேன், சாதாரணமாக நடந்து வந்தார். அந்தக் காலுக்குள் இருக்கிறவன் சாக்கைத் தாண்டவில்லை. வாசலில் வேறு ஏதோ ஒன்றைத் தாண்டிப் பழகியவன் அவன்.

இதற்கிடையில் வெடி ஆபீஸ் போர்மேன் பரமானந்தம் வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், ஆர்லிக்ஸ், விசாரிப்பு. எனக்கு ஆப்பிளையும் பிடிக்காது, காரணமில்லாமல் ஆப்பிள் வாங்கி வருகிறவரையும் பிடிக்காது.

"வர்ற வெள்ளிக்கிழம ஆபீசுக்குக் கூட்டிட்டு வா தங்கச்சி. பதினோராம் ரூம புதுசாக் கட்டியாச்சு. காளிதான் முதல்ல காலெடுத்து வைக்கணும். மாலை, மரியாதை எல்லாம் உண்டு. உன் அட்டையில அஞ்சாவது கட்டத்துல நானே கையெழுத்துப் போடுறேன்."

"ஏன் அண்ணாச்சி இவ்வளவு அக்கறை?"

"என்ன தங்கச்சி இப்பிடிக் கேட்டுட்ட? ஆஸ்பத்திரியில அன்னைக்கே சொன்னேனே, என் காலக் கழட்டிக் குடுக்கச் சொன்னாலும் குடுப்பேன்னு."

சொல்லிவிட்டு எழுந்து போனார். நெட்டையான மனிதர், எட்டி எட்டி வைக்கிற நடை. தெரு முனை வரைக்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாளே அட்டையில் ஏதோ எழுத வேண்டும் என்று சாக்குச் சொல்லி வெடி ஆபீசுக்குப் போனேன். புதுப் பதினோராம் ரூம் சுண்ணாம்பு வாசனையோடு நின்றது. வாசலில் தகடு. தகட்டுக்கு மேலே நிழலுக்காகத் தகரக் கூரை ஒன்று இறக்கியிருந்தார்கள். முத்துமாரி என்று எங்களுக்குச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அங்கே வேலை பார்க்கிறாள்.

"இந்தக் கூரை எப்ப போட்டது?"

"வெடிச்ச பொறவுதான் மதினி. முன்னாடி வெயில்ல தகடு தோசக்கல்லு மாதிரிக் கொதிக்கும். வெறுங்கால வச்சுப் பாரு, தோலு உரிஞ்சிரும்."

"அப்ப யாரும் மிதிக்காம தாண்டிப் போவாங்களா?"

அவள் போர்மேன் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "பழைய கதை எதுக்கு மதினி இப்ப? அண்ணன் பொழச்சு வந்ததே பெருசு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

யாரும் பார்க்காதபோது நூலை எடுத்துத் தகட்டை அளந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து வாசற்படி வரைக்கும் மூன்றடிக்கு நாலு விரல் குறைவு. அந்த நேரத்தில் பரமானந்தம் எட்டி எட்டி வைத்து ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குப் போனார். எல்லாம் சரியாகப் பொருந்தியது. இவர்தான் வெயிலுக்குப் பயந்து தகட்டைத் தாண்டிப் பழகியவர். அன்றைக்கும் இவர்தான் யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்த் தப்பியிருக்கிறார். பிறகு மனசு உறுத்தித் தகரம் இறக்கியிருக்கிறார். நடையைக் கொடுத்திருக்கிறார். ஆப்பிள் வாங்கி வந்திருக்கிறார்!

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. மூன்றாவதாக ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புதன்கிழமை காலையிலேயே மதுரைக்கு பஸ் ஏறினேன். நான் போன் பண்ணிக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், நேரில் போய் நின்றால் சொல்வார்கள் என்று கணக்கு. வீட்டுக்காரர் தாண்டுவதை என் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். ஜெபசெல்வியிடம் காட்டினேன்.

"இந்தக் காலைக் குடுத்தவன் பேரு எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீ ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு. பரமானந்தம்தானே?"

அவள் திரு திருவென்று விழித்தாள். "யாரு அக்கா பரமானந்தம்? அண்ணனுக்கு யாரும் குடுக்கலியே."

"குடுக்காம எப்பிடி நடக்கார்?"

"அவருக்குக் குடுப்பினை அக்கா. ஒடிஞ்ச இடத்துக்குக் கீழ தண்டுவடம் அப்பிடியே உயிரோட இருந்துது. நடக்கது எப்பிடின்னு அதுக்குள்ளயே எழுதியிருக்கும். நம்ம மூளைய கேக்காமலே கால் நடக்கும்லா, அது அங்க இருந்துதான். சில பேருக்குத்தான் அது அழியாம கிடைக்கும். அத எழுப்பிவிட்டோம், அவ்வளவுதான். இது நூத்துக்கு நூறு அவரோட சொந்த நடை. அவர் வருசக்கணக்கா எப்பிடி நடந்தாரோ அப்பிடி."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னவோ நல்ல செய்தி சொன்ன முகத்தோடு நின்றாள்.

"அப்ப இந்தத் தாண்டுறது?"

"அதுவும் பழக்கந்தான். வாசலும் தரையில ஏதாவது ஒண்ணும் சேந்து கண்ணுல பட்டா கால் தானா எடுக்கு. இடுப்ப திருப்புதாருல்லா, அவர் கையில எதையோ தூக்கிட்டுப் போயிருக்கணும் அக்கா. பெரிய தட்டு மாதிரி." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "அதுக்குத்தானே வந்தீங்க? அண்ணன் போன வாரமே போன் பண்ணினாரே. கால் தடுக்குது, அந்த ஒரு எட்ட மட்டும் அழிச்சிருங்கன்னு. பத்து நிமிச வேலை. ஆனா அழிச்சா அழிச்சதுதான், திரும்ப எடுக்க முடியாது. அதான் வீட்டாள் கையெழுத்து வேணும்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. ஒரு படிவத்தைக் கொடுத்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே நினைப்புதான். இத்தனை நாள் ஊரில் எல்லோர் காலையும் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவரைச் சந்தேகப்படவில்லை. 'ஞாபகம் இல்லை' என்று அவர் சொன்ன அந்தச் சொல்லை ஒரு தடவைகூட உரசிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் படிவத்தை அவர் முன்னால் போட்டேன்.

"மதுரைக்குப் போன் பண்ணுனீங்களாமே."

அவர் படிவத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா நடிக்கிறீங்க? ஞாபகம் இல்ல, ஞாபகம் இல்லன்னு ரெண்டு வருசமா என்னையே ஏமாத்தியிருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சு இருக்கா?"

"ஞாபகம் இல்ல சீனி. சத்தியமா இல்ல." "ரேசன் கடையில அந்த இரும்பு மூடி. அதத் தாண்டுனதும் என் ரெண்டு கையும் தானா மேல வந்துச்சு, மருந்துத் தட்டு புடிக்கிற மாதிரி. அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. எனக்கு ஞாபகம் இல்ல. காலுக்கு இருக்கு."

"தினமும் தாண்டுவீங்களா?"

"வெயில் ஏறுனா தாண்டுவேன். காலு வெந்துரும். கையில தட்டோட நின்னுக்கிட்டு இருக்க முடியுமா? பரமானந்தம் பாப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் முன்னால போவேன், பேச்சி பின்னால வருவா. அவ மிதிச்சாளா இல்லியான்னு நான் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல."

"அன்னைக்கு ஒருநா மிதிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டது நான்தான். ஊரையே நம்பாதவள், அதை மட்டும் நம்பத் தயாராக இருந்தேன்.

"மிதிச்சிருக்கலாம்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "டீக்கடையில ஒரு பேச்சு அடிபட்டுச்சு. 'பேச்சி தகட்ட மிதிக்கவே மாட்டா'ன்னு நான் வீட்டுல சொல்லுவேன்னு நீ விசாரணையில சொன்னியாம். அத வச்சுத்தான் அவ பேர எழுதுனாங்களாம். நான் எப்ப புள்ள அப்பிடிச் சொன்னேன்?"

அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்துக் கேட்டார். உள்ளே இவர் சாகக் கிடக்கிறார். பிழைத்தால் இவர் பெயரை எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன். செத்தவளுக்கு இனி என்ன நட்டம் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"உங்களுக்காகத்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வெடி ஆபீசில் ஊரே கூடி நிற்கும். பழைய ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். அந்தத் தகட்டுக்கு முன்னால் இந்தக் கால் என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு எட்டு போதும், மாலை போட்ட கையே கல்லெடுக்கும். இருபது மாதம் மலம் எடுத்து, புண் துடைத்து, எழுந்து நிற்க வைத்துக் கூட்டி வந்த மனிதரைக் குருசாமி நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன். போட்டேன்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்கால் பஸ். அழித்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். ராத்திரி மழை பெய்து கண்மாய்க் கரை வழுக்கிக் கிடந்தது. அவரால் அதில் ஏற முடியாது. வேறு வழியில்லாமல் குருசாமி தெரு வழியாகப் போனோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் காலை வைக்கிறேன்.

ஜோதி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். அவர்கள் வீட்டு வாசலில், படிக்குக் கீழே, எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி விரித்த ஒரு தகரம் கிடந்தது. ஓரமெல்லாம் துருப் பிடித்து, நடுவில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஜோதி அதில் ஏறினாள். இரண்டு காலையும் சேர்த்து வைத்தாள். ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். குடத்தை வைத்துவிட்டு வெளியே வந்தவள், படியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனாள். அப்போதும் தகரத்தில் நின்றுவிட்டுத்தான் போனாள். யாரும் பார்ப்பதற்காக இல்லை. அவளுக்கே தெரியாமல் அவள் கால் அதைச் செய்தது.

அந்தத் தகரம் எனக்குப் புதிது இல்லை. பேச்சித்தாய் அதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். "என்னடி, வீட்டுக்குள்ளயே வெடி செய்யப் போறியா?" என்று கேலி செய்தேன். "வீட்டுல பழகுனாத்தான் மதினி ஆபீசுல மறக்காது. வெயிலுன்னா வெயிலு, சூடுன்னா சூடு, கால் தானா நிக்கணும்" என்றாள். இதை மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்த அதிகாரி கேட்டபோதும் எனக்கு ஞாபகம் இருந்தது. மூன்றாவதாக ஒருத்தனைத் தேடி நான் நூலோடு அலைந்தது இதனால்தான்.

என் வீட்டுக்காரர் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரு முக்கில் பஸ் ஹாரன் அடித்தது.

"வாங்க, பஸ் வந்துருச்சு" என்றேன்.

அவர் பஸ் பக்கம் போகவில்லை. குருசாமி வீட்டை நோக்கி நடந்தார். வாசல் வந்தது. தகரம் வந்தது. இடது கால் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. இடுப்பு திரும்பியது. இரண்டு கையும் வெறும் காற்றில் தட்டு ஏந்தின. ஒரே எட்டில் தாண்டிப் படியில் போய் நின்றார்.

ஜோதி உள்ளேயிருந்து வந்தாள். எங்களைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். "மாமா, மிதிச்சிட்டு வாங்க" என்றாள். "எங்கம்மா இருந்தா ஏசும்."

அவர் படியிலிருந்து தகரத்துக்கு இந்தப் பக்கம் இறங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு தகரத்தில் கால் வைக்க முயன்றார். கால் தகரத்தைத் தொடாமல் தாண்டியது. திரும்ப இறங்கினார். திரும்பவும் தாண்டியது. மூன்றாவது தடவை கதவு நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். கால் வராத இடத்தில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றினார். தேய்ந்து பளபளத்த அந்த இரண்டு பாதத் தடத்தின் மேல் கை இருந்தது. தோள் குலுங்கி அழுதார்.

"மாமாவுக்கு என்ன அத்தை? கால் வலிக்கா?"

இடுப்பில் இருந்த படிவத்தை எடுத்தேன். நான் போட்ட கையெழுத்து வேர்வையில் கலைந்திருந்தது. அதை நாலாகக் கிழித்தேன். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"ஜோதி, உங்கப்பாவக் கூப்பிடு" என்றேன். "உங்கம்மாவப் பத்தி நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன்."